காற்றுக்கேற்ற உடலும் சாலைக்கேற்ற காரும்

எரிபொருள் சிக்கனத்தின் வரலாறு பெரும்பாலும் காற்றைக் கிழித்துச் செல்லும் உடல்வடிவத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு 2000 காரின் கதை இப்பார்வையின் எல்லையைக் காட்டுகிறது.

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட அந்தக் காரின் உடல், பிரிட்டனில் 1976-இல் அறிமுகமான ரோவர் எஸ்டி1-இன் உடலாகும். தாழ்ந்த முகப்பும் சரிந்த பின்புறமும் கொண்ட அம்மூலம், 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருதைப் பெற்றது. ஆனால், சென்னையில் அவ்வுடலுக்குள் பொருத்தப்பட்டது 1940-களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு எஞ்சினின் வழிவந்த 1991 சிசி எஞ்சின். நம் சாலைகளின் மேடுபள்ளங்களுக்காகக் காரின் உயரமும் கூட்டப்பட்டது. விலை மிகுதி, எரிபொருள் செலவு குறித்த அதிருப்தியும் பரவியது. 1988-இல் உற்பத்தி நின்றது.

நவீன வடிவம் ஏன் கைகொடுக்கவில்லை? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 80 கிலோமீட்டரில் அது 40 கிலோமீட்டரில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு. குறைந்த வேகத்தில், அடிக்கடி நின்று புறப்படும் பயணத்தில் எரிபொருளைத் தின்பது எடையே. கல்பாத்தித் தேரோட்டத்தைக் கண்டோர் இதை எளிதில் உணர்வர்: நிற்கும் தேரை நகர்த்தவே வடம் பிடிப்போரின் வலிமையோடு பின்னிருந்து தள்ளும் யானையும் வேண்டியிருக்கிறது. அங்கே காற்று ஒரு பொருட்டல்ல.

1983 டிசம்பர் 14 அன்று முதல் கார் ஒப்படைக்கப்பட்ட மாருதி 800 இதற்கு நேரெதிர். அதன் வடிவம் ஏறக்குறைய ஒரு பெட்டி. ஆனால் எடை சுமார் 650 கிலோ. மூன்று சிலிண்டர் கொண்ட 796 சிசி எஞ்சின். ஆற்றல் முன்சக்கரங்களுக்கே செல்வதால், பின்சக்கரம் வரை நீளும் கனத்த சுழல்தண்டு தேவைப்படவில்லை. அன்றைய இந்தியச் சாலையின் வேகத்துக்கு இந்த வடிவமைப்பே பொருந்தியது.

ஆகவே, சிக்கனம் காருக்குள் மட்டும் உறையும் பண்பன்று. காருக்கும் சாலைக்கும் இடையிலான உறவு. வாளையாறு–வடக்கஞ்சேரி நான்குவழிச் சாலையில் இன்று விரையும் கார்களுக்கு உடல்வடிவம் மெய்யாகவே பயன்தருகிறது. நகரத்து நெரிசலில் எடையே இன்றும் முதன்மை பெறுகிறது. இந்தியத் தானியங்கி வரலாற்றை ஆராயும் மாணவர்கள், தொழிற்சாலை ஆவணங்களோடு சாலைகளின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.