உமணர் சாத்து: பாலை வழியில் ஒரு கூட்டுப் பயணம்

உமணர் என்போர் சங்க காலத்தில் கடற்கரை உப்பை உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்ற வணிகர்கள். இவர்கள் தனியாகச் செல்லாமல் பல மாட்டு வண்டிகளுடன் கூட்டமாகப் பயணம் செய்தனர். அக்கூட்டம் சாத்து எனப்பட்டது. வண்டி வரிசைக்கு ஒழுகை என்று பெயர்.

பாலை நிலம்

தமிழகத்தில் ராஜஸ்தானத்தைப் போன்ற மணற்பாலைவனம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வறண்டு தம் இயல்பு மாறும்போது பாலை என்ற நிலை தோன்றும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. நீரும் நிழலும் அற்ற அவ்வழிகளில் ஆறலை கள்வர் அச்சமும் இருந்தது. ஆனால் உப்பு இன்றி உள்நாட்டு மக்கள் வாழ இயலாது. நெல்லும் உப்பும் ஒரே அளவில் மாற்றப்பட்டதை அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடல் (140) காட்டுகிறது. எனவே கடுமையான வழியானாலும் உமணர் அதைக் கடந்தாக வேண்டியிருந்தது.

வண்டியும் குடும்பமும்

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, உமணர் ஒழுகையை விரிவாகக் காட்டுகிறது. வண்டியின் முன்புறம் காடிப் பானை கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையுடன் ஒரு பெண் மாடுகளை ஓட்டுகிறாள். வேப்பிலை மாலை அணிந்த ஆண்கள் பக்கத்தில் காவலாக நடக்கின்றனர். உமணர் செல்லும் நெடுவழி பிற பயணிகளுக்கும் பாதுகாப்பாக இருந்தது என்றும் அந்நூல் குறிப்பிடுகிறது.

சிறுபாணாற்றுப்படையில் உமணர் வளர்த்த மந்தி ஒன்று, அவர்களுடைய பிள்ளைகளோடு சேர்ந்து முத்துக்களைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. வணிகப் பயணம் குடும்ப வாழ்க்கையாகவும் இருந்ததற்கு இது சான்று.

சேம அச்சு

மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் பயணம் நின்றுவிடும். ஆகவே உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்தனர். இதுவே சேம அச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் இதற்கு ஒப்பிட்டுப் பாடினார் (புறநானூறு 102). இன்றைய வாகனங்களில் உள்ள ஸ்டெப்னி சக்கரத்தின் பணியும் இதுவே.

கைவிடப்பட்ட மாடு

கூட்டத்தின் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. கால் முடமான மாட்டை நீரும் புல்லும் தராமல் ஆளில்லாத இடத்தில் உமணர் விட்டுச் சென்றதைப் புறநானூறு 307 உவமையாகக் கூறுகிறது. நின்றால் எல்லோருக்கும் தண்ணீர் தீரும் என்ற நிலையில் எடுத்த முடிவாகவே அதைக் கருத வேண்டும். அவர்கள் விட்டுச் சென்ற கல் அடுப்பில் வழிப்பறி செய்வோர் ஊன் சமைத்த காட்சியும் அகநானூற்றில் உண்டு.

உமணர் தங்கிச் சென்ற இடம் பாழடைந்த ஊர்போல் தோன்றும் என்கிறது பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாடல் (124). அங்குப் பேசுபவள் தோழி. காடு கொடியது என்று தலைவியை விட்டுச் செல்ல நினைக்கும் தலைவனிடம், பிரிந்தவர்க்கு வீடு மட்டும் இனியதோ என்று அவள் கேட்கிறாள். பாலையின் கொடுமையைவிடத் துணையின்மை கொடிது என்பதே அதன் பொருள்.

தென்சென்னைப் பகுதியும் உப்பும்

தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ப் பகுதி பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தது. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கேளம்பாக்கம், கோவளம் பகுதியிலும், மேலும் தெற்கே மரக்காணத்திலும் உப்பளங்கள் அமைந்தன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் பக்கிங்காம் கால்வாய்ப் படகுகள் உப்பைச் சென்னைக்குக் கொண்டு வந்தன. பின்னர் ரயிலும் லாரியும் அந்தப் பணியை ஏற்றன.

மிளகு மூட்டை சுமந்த கழுதைச் சாத்துகள் சென்ற பெருவழியில் உல்கு என்னும் சுங்கம் வாங்கப்பட்டதையும், வில் ஏந்திய காவலர் அங்கு இருந்ததையும் பெரும்பாணாற்றுப்படை தெரிவிக்கிறது. தாம்பரத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செல்வோர் இன்று பரனூர் சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்துகின்றனர். வழிக்கு வரி வாங்கும் முறை தொண்டை நாட்டிற்குப் புதிதன்று.