கல்லான பற்கள்: அல்பீரூனி முதல் அரியலூர் வரை

கிருஷ்ணகிரி மாவட்டம் கல்லுக்குப் பெயர் பெற்றது. இங்கு அறுத்து மெருகேற்றப்படும் கருங்கற்கள் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. எனினும் இம்மண்ணின் பாறை எதனைப் பிளந்தாலும் அதனுள் ஒரு சிப்பியையோ மீன் முள்ளையோ நாம் காண இயலாது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருக்கொண்ட பாறைகள் இவை. அக்காலத்தில் எலும்புடைய உயிரோ ஓடுடைய உயிரோ தோன்றியிருக்கவில்லை.

ஆகவே, நம் மாணவர் ஒருவர் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து காட்டிய சிறு கல் நம்மைத் திகைக்க வைத்தது. கட்டைவிரல் நகத்தினும் சற்றுப் பெரியது, முக்கோண வடிவம், தவிட்டு நிறம், விளிம்பில் இன்றும் கூர்மை. அவருடைய தந்தையார் ஓசூருக்குச் சிமெண்ட் ஏற்றிவரும் லாரி ஓட்டுநர். சரக்குக்காகக் காத்திருந்த ஒருநாள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரத்தில் அதனைக் கண்டெடுத்தாராம். நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினோம். ‘சுறாவின் பல்’ என்றார் அவர். கடலிலிருந்து வெகுதொலைவில், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூரில், நம் உள்ளங்கையில் ஒரு சுறாவின் பல்!

கல்லான சுறாப் பற்களை மனிதர் பார்த்து வியந்தது இன்று நேற்றல்ல. உரோமானிய அறிஞர் பிளினி இவற்றை ‘நாக்குக் கற்கள்’ என்னும் பெயரால் குறிப்பிட்டு, இவை வானிலிருந்து விழுவதாகச் சொல்லப்பட்ட செய்தியையும் பதிவு செய்தார். மால்டா தீவில் இவை ஏராளமாகக் கிடைத்தன. பாம்பின் நாக்குகள் கல்லாயின என்று அங்கே கருதினர். ஐரோப்பியப் பிரபுக்கள் இவற்றை வெள்ளியில் பதித்து உணவு மேசையில் தொங்கவிட்டனர். உணவில் நஞ்சிருந்தால் இவை காட்டிக்கொடுக்கும் என்று நம்பினர். நம் நாட்டு மந்திரத் தாயத்துகளைக் கண்டு நகைப்போர் இதனையும் நினைவில் கொள்வது நலம்.

இதற்கிடையே வேறொரு சிந்தனை மரபும் வளர்ந்து வந்தது. அபூ ரைஹான் அல்பீரூனி ஹிஜ்ரி 416இல், அதாவது கி.பி. 1025இல், கஸ்னாவில் நிறைவு செய்த ‘தஹ்தீத்’ என்னும் நூல் ஊர்களின் தொலைவையும் இருப்பிடத்தையும் கணிப்பது பற்றியது. அந்நூலில் அவர் கடலும் தரையும் இடம் மாறுவதைப் பற்றிப் பேசுகிறார். அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பது அவர் முடிவு. அதற்கு அவர் காட்டும் சான்று ஏட்டிலிருந்து எடுத்ததன்று, தோண்டிய கிணற்றிலிருந்து எடுத்தது. அடுக்கடுக்கான மண், மணல், கூழாங்கல். உடைத்தால் உள்ளே சிப்பியும் சோழியும் ‘மீன் காதுகள்’ எனப்படுவனவும் தென்படும் கற்கள். இந்தியா பற்றிய அவரது பெருநூலிலும் இதே கண்ணோட்டம் உண்டு. மலையடியில் உருண்ட கற்கள் பெரியனவாயும், ஆறு செல்லச் செல்லச் சிறியனவாயும், முகத்துவாரத்தில் மணலாயும் இருப்பதைக் கண்டு, வட இந்தியச் சமவெளியும் ஒரு காலத்தில் கடலாக இருந்து வண்டலால் தூர்ந்தது என்றார்.

அவர் காலத்தவரான இப்னு சீனா ‘கிதாபுஷ் ஷிஃபா’வில் உயிரினங்கள் கல்லாகும் முறையை விளக்க முயன்றார். கல்லாக்கும் தன்மையுடைய ஒரு கனிம ஆற்றல் சில நிலங்களில் உண்டு என்பது அவர் கருத்து. இன்றைய வேதியியல் அதனை ஏற்காது. ஆயினும் அவை உண்மையான உயிர்களின் எச்சங்களே என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. இப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் எழுத்தாகவே ஐரோப்பாவில் படிக்கப்பட்டது. எழுதியவர் பெயர் தொலைந்தால் கருத்து யாருடையதாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பெரும் சுறா ஒன்று பிடிபட்டது. அதன் தலை ஃபுளோரன்ஸ் நகரிலிருந்த டேனிய மருத்துவர் ஸ்டெனோவிடம் அனுப்பப்பட்டது. தலையை அறுத்து ஆராய்ந்த அவர், அதன் பற்களும் மால்டாவின் நாக்குக் கற்களும் வடிவில் ஒன்றே என்பதை 1667இல் நூலாக வெளியிட்டார். இத்தாலியரான ஃபாபியோ கொலோனா 1616இலேயே இதனைச் சொல்லியிருந்தார். ஆனால் பாறை அடுக்குகளை வரலாற்று ஏடுகளாக வாசிக்கும் முறையை வகுத்தவர் ஸ்டெனோ. கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்னும் எளிய விதி அவருடையது.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். 1840களின் தொடக்கத்தில் சென்னை அரசுப் பணியிலிருந்த கேய், கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லான சிப்பிகளையும் மீன் எச்சங்களையும் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றுள் மீன் பகுதியை ஆராய்ந்து 1845இல் எழுதியவர் எகெர்டன். அங்கிருந்தவற்றுள் சுறாப் பற்களே முதன்மையானவை. பின்னர் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை நடந்து அளந்து 1862இல் விரிவான அறிக்கை தந்தார். அன்றைய திருச்சி மாவட்டத்தின் அப்பகுதிகளே இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் சிற்றூரின் அருகே, மழைநீர் அரித்த களிமண் ஓடைகள் புல் பூண்டின்றி விரிந்து கிடக்கின்றன. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அது கடலடி. இந்திய, பிரித்தானிய ஆய்வாளர் குழுவினர் அங்கே திரட்டிய சுறாப் பற்களைப் பற்றி 2011இலும், சிப்பிகளை நொறுக்கித் தின்னும் தட்டைப் பற்களுடைய ‘டைக்கோடஸ்’ என்னும் இனத்தைப் பற்றி 2012இலும் கட்டுரைகள் வெளிவந்தன.

சுறாவின் உடலில் பல் மட்டும் ஏன் எஞ்சுகிறது? அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது; விரைவில் அழிந்துபோகும். பல்லோ கடினமான பாஸ்பேட்டால் ஆனது. அன்றியும் சுறா வாழ்நாளெல்லாம் பற்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரே சுறா ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். பெரிய பற்களை மழைக்குப் பின் சாய்வெயிலில் குனிந்து நடந்து கண்ணால் தேடுவர். சிறியவற்றிற்குக் களிமண்ணை நீரில் ஊறவைத்துக் கரைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சியதை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு மணலாகப் பார்ப்பர். பொறுமை இல்லாதவர்க்கு உரிய வேலையன்று இது.

நம் மாணவரின் பல்லுக்குத் திரும்புவோம். பேராசிரியர் கேட்ட முதற்கேள்வி, ‘எங்கே எடுத்தது?’ என்பது. ‘அரியலூர்ப் பக்கம்’ என்றார் மாணவர். ‘எந்தச் சுரங்கம்?’ தந்தையாரிடம் தொலைபேசியில் கேட்டோம். பல ஆண்டுகளாகப் பல ஆலைகளுக்குச் சென்று வந்தவர். கல்லக்குடியோ கல்லங்குறிச்சியோ, நினைவில்லை என்றார். கேட்பவர்க்கு அது சிறு ஐயமாகத் தோன்றும். கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் சுமார் 11 கோடி ஆண்டுப் பழமையுடையது. கல்லங்குறிச்சியினது சுமார் 7 கோடி. அந்த ஓட்டுநரின் மறதியில் நான்கு கோடி ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

ஹதீஸ் பயில்வோர்க்கு இது புதிதன்று. மூலவாசகம் எத்துணைச் சிறப்பாயினும் இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் தொடர் அறுந்திருந்தால் அதனைச் சான்றாக்க அறிஞர்கள் தயங்குவர். கல்லுக்கும் அத்தகைய தொடர் உண்டு: எந்த ஊர், எந்தக் குழி, எந்த அடுக்கு, எவர் கையால், எந்நாள் என்பதே அது. இவை இல்லாத பல் அழகிய பொருளாகலாம், சாட்சியாகாது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் ஏரியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது ‘டைனோசர் முட்டைகள்’ என்று செய்தி பரவியது. கிடந்த இடத்திலேயே வல்லுநர்கள் வந்து பார்த்ததால் அவை கடற்படிவ உருண்டைகள் என்று தெளிவாயிற்று. அவற்றை யாரேனும் அள்ளிச் சென்றிருந்தால் வதந்தியே நிலைத்திருக்கும்.

சுரங்கங்களைப் பழிப்பதும் எளிதன்று. தோண்டாவிடில் இப்பற்கள் வெளிப்படா. தோண்டியபின் பெரும்பாலானவை அரைவையில் மாவாகின்றன. 1939 முதல் கல்லக்குடியில் சிமெண்ட் உற்பத்தியாகிறது. 1970களுக்குப் பின் ஓசூரில் எழுந்த ஆலைகளிலும் குடியிருப்புகளிலும் பூசப்பட்ட சிமெண்டில் அப்பழங்கடலின் சிப்பிகள் எத்தனை கலந்திருக்குமோ!

அரியலூர் அருகே வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கு அப்பல்லை அளித்துவிடுமாறு மாணவரிடம் கூறினோம். அவர் சிறிது தயங்கி ஒப்புக்கொண்டார். உடன் வைக்கும் தாளில் எடுத்தவர் பெயரையும் இரண்டு சுரங்கங்களின் பெயரையும் எழுதி, இரண்டில் ஒன்று என்று குறித்தோம். அவருடைய தந்தையார் இப்போது சரக்கேற்றும் இடத்தில் எதனைக் கண்டெடுத்தாலும் சரக்குச் சீட்டின் பின்புறத்தில் தேதியையும் இடத்தையும் எழுதி வைக்கிறாராம். இதுவரை மூன்று சிப்பிகள் சேர்ந்துள்ளன. பல் எதுவும் அகப்படவில்லை.