தண்டனைச் சட்டக்கோவையில் உயிரும் மரணமும்

கருக்கலைப்புப் பற்றி விவாதம் எழும்போதெல்லாம் நான் முதலில் புரட்டுவது இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையைத்தான். தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படும் கருக்கலைப்புக்கு மட்டுமே அதன் 303 ஆம் பிரிவு விலக்களிக்கிறது. மற்றபடி மூன்று ஆண்டுகள் வரை சிறை. வயிற்றில் சிசு அசையத் தொடங்கிவிட்டால் ஏழு ஆண்டுகள் வரை. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் குற்றவாளியே. வல்லுறவால் கருவுற்ற சிறுமிக்கும் விலக்கு இல்லை. 1995 இல் அந்த விலக்கைக் கொண்டுவர முயன்ற ஏற்பாடு பாராளுமன்ற விவாதத்தோடு கைவிடப்பட்டது. அதே திருத்தத்தில் வல்லுறவுக்கான தண்டனை மட்டும் கடுமையானது!

தற்கொலை விடயத்தில் சட்டம் சற்று நகர்ந்திருக்கிறது. முயன்று உயிர் தப்பியவரைக் குற்றவாளியாக்கிய 302 ஆம் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. ஆனால் தற்கொலைக்கு உடந்தையாக இருந்தவருக்கு 299 ஆம் பிரிவு இன்னமும் மரண தண்டனையையே விதிக்கிறது. தீராநோயாளி கெஞ்சிக் கேட்டதற்காக உதவியவருக்கென அதில் தனி விலக்கு எதுவும் இல்லை. கருணைக்கொலை என்ற சொல்லே கோவையில் கிடையாது. 1976 இற்குப் பின் நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால்தான் இந்தப் பிரிவின் கொடுமை நம் கண்ணில் படாமல் இருக்கிறது என்பது என் எண்ணம்.