கோழிக்கு ஒண்ணும் ஆகல, முட்டைக்கு?

மொட்டை மாடியில நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறவங்க இப்போ சிட்டியிலும் நிறைய பேர் இருக்காங்க. கோழிக்குப் பேன், செல் பிடிச்சா உடனே வர்ற கேள்வி இதுதான்: "நாய்க்கு விடுற உண்ணி மருந்து வீட்ல இருக்கு. அதையே ரெண்டு சொட்டு விட்டா என்ன?" விட்டுப் பார்த்தவங்க சொல்ற பதிலும் ஒண்ணுதான்: "கோழிக்கு ஒண்ணும் ஆகல." இந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம்? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

1920, 30களின் அமெரிக்கா. கோழி வளர்க்கிறவங்ககிட்ட 'பிளாக் லீஃப் 40'னு ஒரு பாட்டில் ரொம்பப் பிரபலம். உள்ளே இருந்தது 40 சதவீத நிக்கோடின் சல்ஃபேட். புகையிலையில இருந்து எடுத்தது. சாயங்காலம் கோழி அடையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அது உட்கார்ற கட்டையில இதைப் பூசிவிடுவாங்க. ராத்திரி கோழியோட உடல் சூட்டுல நிக்கோடின் ஆவியாகி இறகுக்குள்ள ஏறும், பேன் செத்துப்போகும். கோழியைத் துரத்திப் பிடிக்கிற வேலையே இல்ல. ஆனா அதே திரவம் பூசுறவங்க தோல் வழியாவும் உடம்புக்குள்ள போகும். கொஞ்சம் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. செடியில இருந்து வந்ததுங்கறதால விஷம் குறைஞ்சிடல.

அடுத்து டி.டி.டி. அது பூச்சியைக் கொல்லும்னு 1939ல கண்டுபிடிச்சவர் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பால் முல்லர். 1948ல அதுக்காக நோபல் பரிசும் வாங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அந்த மருந்து வீடு, மாட்டுத் தொழுவம், கோழிக்கூடுன்னு எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. கோழி செத்து விழல. வழக்கம்போல மேய்ஞ்சது, முட்டை போட்டது.

ஆனா டி.டி.டி. தண்ணியில கரையாது, கொழுப்புல கரையும். உடம்புக்குள்ள போனா கொழுப்புலயே தங்கிடும். முட்டை போடுற கோழிக்குள்ள கொழுப்பு வெளியேற ஒரு வழி இருக்கு: மஞ்சக்கரு. அதாவது, மருந்து முட்டைக்குள்ள போய்ச் சேரும். இன்னொரு விஷயம், டி.டி.டி.யால கழுகு, வல்லூறு, கூழைக்கடா மாதிரி பறவைகளோட முட்டை ஓடு மெலிஞ்சு, அடைகாக்கும்போதே உடைஞ்சுது. கோழி முட்டை ஓட்டுல அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. கோழியை மட்டும் பார்த்திருந்தா ஆபத்தே தெரிஞ்சிருக்காது. 1972ல அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செஞ்சது.

இப்போ 2017, நெதர்லாந்தும் பெல்ஜியமும். அங்கே பண்ணைகளுக்குப் பெரிய தலைவலி, கோழியோட ரத்தம் குடிக்கிற சிவப்பு உண்ணி. அதை ஒழிக்க 'டேகா-16'னு ஒரு மருந்து வந்துச்சு. யூகலிப்டஸ், மெந்தால் கலந்த மூலிகைத் தயாரிப்புன்னு சொல்லி வித்தாங்க. உள்ளே ஃபிப்ரோனில் கலந்திருந்தது. நாய், பூனைகளுக்கு விடுற சில உண்ணி மருந்துகள்ல இருக்கிற அதே ரசாயனம். உணவுக்காக வளர்க்கிற பிராணிகள்மேல அதைப் பயன்படுத்த ஐரோப்பாவில அனுமதியே கிடையாது.

இந்த முறையும் கோழிகள் பார்க்க நல்லாத்தான் இருந்தன. விஷயம் வெளியே வந்தது முட்டையைச் சோதிச்சப்பதான். ஜூலை 20 அன்னைக்கு பெல்ஜியம் மத்த நாடுகளுக்கு எச்சரிக்கை கொடுத்தது. 40க்கும் மேற்பட்ட நாடுகள்ல அந்த முட்டைகளும் அதுல செஞ்ச பொருள்களும் கண்டுபிடிக்கப்பட்டன. லட்சக்கணக்கான முட்டைகளை அழிச்சாங்க, கோழிகளையும் கொன்னாங்க.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும். டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னா, நாம எதைச் சோதிச்சோமோ அது மட்டும்தான் சரின்னு அர்த்தம். "கோழிக்கு ஒண்ணும் ஆகல"ங்கறது கோழியைப் பத்தின டெஸ்ட். அந்த முட்டையைச் சாப்பிடப்போற உங்க வீட்டுக் குழந்தையைப் பத்தி அது எதுவும் சொல்லாது.

அப்போ என்னதான் செய்யறது? சிவப்பு உண்ணி பகல்ல கூட்டோட இடுக்குல ஒளிஞ்சிருக்கும், ராத்திரிதான் கோழிமேல ஏறும். அதனால முதல்ல கூட்டைக் கவனிங்க: கட்டையைக் கழட்டுங்க, இடுக்குல கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, வெயில்ல காய வைங்க. கோழி புரண்டு குளிக்க காய்ஞ்ச மண்ணு குடுங்க. மருந்துதான் வேணும்னா கால்நடை மருத்துவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: இது கோழிக்குன்னு அனுமதிச்ச மருந்தா? போட்டபிறகு எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது? ரெண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத பாட்டிலைத் திறக்காதீங்க.