கேடயமும் வெறுங்கால்களும்: 1911ஆம் ஆண்டின் கல்கத்தாச் சுற்றுப்போட்டி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போர்களையும் ஒப்பந்தங்களையும் ஆட்சி மாற்றங்களையும் வரிசைப்படுத்தும் வரலாற்று நூல்கள் விளையாட்டு மைதானத்தைப் பெரும்பாலும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆயின், குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட மக்கள் தம்மை ஆண்டோரைச் சமமான விதிகளின் கீழ் நேருக்குநேர் சந்திக்கக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் உதைபந்தாட்ட மைதானமும் ஒன்று. 1911ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கல்கத்தாவில் நடைபெற்ற இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்திற்கான சுற்றுப்போட்டியை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1893இல் நிறுவப்பட்ட அச்சங்கம், பெயரளவில் இந்தியச் சங்கமாக இருப்பினும், ஐரோப்பியரின் கட்டுப்பாட்டிலேயே இயங்கியது. அதே ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட கேடயப் போட்டியில் முதன்முறை வெற்றி பெற்றது றோயல் ஐரிஷ் றைபிள்ஸ் என்னும் படையணியாகும். 1910 வரையிலான காலப்பகுதியிற் கேடயம் பிரித்தானியப் படையணிகளிடமோ ஐரோப்பியக் கழகங்களிடமோதான் சென்றது. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக் போட்டியிலோ இந்தியக் கழகங்களுக்கு இடமே இருக்கவில்லை. கேடயப் போட்டியில் மட்டும் வரையறுக்கப்பட்ட அளவில் அவை சேர்த்துக்கொள்ளப்பட்டன.

இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. லீக் போட்டி என்பது பருவம் முழுவதும் நீடிக்கும் நிரந்தர உறுப்புரிமை. விலகல் முறையிலான போட்டியோ ஒரு மாலைப்பொழுதின் சந்திப்பு. தோற்ற அணி அன்றே வெளியேறிவிடும். இந்திய அணி விரைவிலேயே வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை இருந்தவரையில் அதனை அனுமதிப்பதால் ஆட்சியாளருக்கு இழப்பேதுமில்லை. அத்துடன், தாம் நேர்மையானவர் என்ற பெயரையும் அவர்கள் பெற்றுக்கொள்ளலாம். அந்த ஒடுங்கிய வாயிலின் வழியாகவே 1911இன் வெற்றி நிகழ்ந்தது.

1889இல் வட கல்கத்தாவில் நிறுவப்பட்ட மோகன் பகான் கழகம் திடீரெனத் தோன்றிய அணியன்று. ஏற்கெனவே 1892இல் சோவாபஜார் கழகம் ரேட்ஸ் கிண்ணப் போட்டியில் ஈஸ்ற் சரே படையணியைத் தோற்கடித்து வழிகாட்டியிருந்தது. மோகன் பகான் 1906 முதல் 1908 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதே ரேட்ஸ் கிண்ணத்தை வென்றது. இதே காலம் 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் நாட்டை உலுக்கிய காலமுமாகும். வங்காளியர் உடல்வலிமையற்றோர் என்ற ஆட்சியாளரின் ஏளனத்துக்கு மறுமொழியாக ஊர்தோறும் உடற்பயிற்சிக் கூடங்கள் எழுந்தன. உதைபந்தாட்டம் அவ்வுணர்வுக்குச் சட்டம் தடுக்காத ஒரு வடிகாலாயிற்று. கல்கத்தாக் கழகமொன்றுக்காக ஆடிய பதினொருவரிற் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தோராவர். அரசாங்கம் வரைந்த எல்லைக்கோட்டின் இரு பக்கத்தவரும் ஓரணியில் நின்றனர் என்பது அக்கால மக்களின் கண்ணுக்குத் தப்பியிருக்க முடியாது.

இனிப் போட்டியின் போக்கை நோக்குவோம். முதற் சுற்றில் புனித சவேரியார் கல்லூரி அணியை 3-0 என்ற கணக்கிலும், அடுத்து றேஞ்சர்ஸ் கழகத்தை 2-1 என்ற கணக்கிலும் மோகன் பகான் வென்றது. மூன்றாவது ஆட்டத்திலேயே படையணியொன்று எதிர்ப்பட்டது. றைபிள் பிரிகேட் அணி 1-0 எனத் தோல்வியுற்றது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணியுடனான ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிவுற, மீண்டும் நடைபெற்ற ஆட்டத்தில் மோகன் பகான் 3-0 என வென்றது. அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரியும் அவருடைய தமையனார் பிஜய்தாசும் தாக்குதல் வரிசையில் ஆடினர். கல்லூரி ஆசிரியரான சுதிர் சட்டர்ஜி ஒருவரே சப்பாத்து அணிந்தவர். ஏனைய பதின்மரும் வெறுங்காலுடன் ஆடினர். மாரிகாலத்து ஈரத் தரையில் வெறுங்காலுக்குப் பிடிமானம் கிடைப்பதரிது. தோற்சப்பாத்தின் உதையோ எலும்பை முறிக்கவல்லது.

யூலை 29ஆம் திகதி கல்கத்தா உதைபந்தாட்டக் கழக மைதானத்தில் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி ஈஸ்ற் யோர்க்ஷயர் படையணி. விசேட புகையிரதங்களிலும் படகுகளிலும் மக்கள் வந்து குவிந்தனர். பார்வையாளர் எண்பதினாயிரம் பேர் எனவும் அதற்கு மேலெனவும் மதிப்பிடப்பட்டது. மைதானத்தைக் காணவியலாத் தொலைவில் நின்றோருக்குப் பட்டங்களைப் பறக்கவிட்டுக் கோல் விபரம் அறிவிக்கப்பட்டதாகக் கூறுவர். ஜக்சன் என்பவர் அடித்த கோலினால் படையணி முன்னணி பெற்றது. சிப்தாஸ் பாதுரி அதனைச் சமப்படுத்தினார். ஆட்டம் முடிவுறச் சில நிமிடங்களே எஞ்சியிருக்கையில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். கேடயம் முதன்முறையாக இந்தியக் கழகமொன்றின் கைக்கு வந்தது. சோறுண்டு, மலேரியாவால் வாடி, சப்பாத்தின்றி ஆடியோர் பெற்ற வெற்றி என்ற கருத்துப்பட ‘நாயக்’ என்ற வங்காளப் பத்திரிகை பெருமிதம் கொண்டது. இந்துக்கள் பெரும்பான்மையாக இருந்த அவ்வணியின் வெற்றியை முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தாரும் தமதாகக் கொண்டாடினர் என ‘முசல்மான்’ என்ற பத்திரிகை எழுதிற்று.

ஈண்டு ஒரு மரபுக் கதையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். வெற்றிபெற்றுத் திரும்பிய வீரரிடம் முதியவரொருவர் வில்லியம் கோட்டையிற் பறந்த கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என வினவினாராம். அதே ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி டில்லித் தர்பாரில் வங்கப் பிரிவினை இரத்துச் செய்யப்பட்டதும், தலைநகர் டில்லிக்கு மாற்றப்படுமென அறிவிக்கப்பட்டதும் இக்கதைக்கு வலுவூட்டின. ஆயின், அம்மாற்றத்துக்கான ஆலோசனை இறுதியாட்டத்துக்கு முன்னரே, 1911 யூன் மாதத்தில், அரசாங்க வட்டாரத்தில் எழுந்துவிட்டது. எனவே ஓர் உதைபந்தாட்டம் பேரரசின் தலைநகரைப் பெயர்த்தது எனக் கொள்வதற்கில்லை. அக்கதை மக்களின் ஏக்கத்துக்குச் சான்று. அரசியற் காரணத்துக்குச் சான்றன்று.

வெற்றியின் பின்னர் நிகழ்ந்தவை இதனினும் கூடிய கவனத்துக்குரியவை. கேடயத்தை வென்ற கழகம் லீக்கின் முதற் பிரிவில் ஆட 1915 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்பிரிவில் இரு இந்தியக் கழகங்களுக்கு மேல் இடமில்லை என்ற வரம்பு 1920களின் நடுப்பகுதி வரை நீடித்தது. கேடயம் மீண்டுமொரு இந்தியக் கழகத்திடம் வந்தது 1936இல், முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் வென்றபோதே. அதாவது, இரு வெற்றிகளுக்குமிடையிற் கால் நூற்றாண்டு கழிந்தது.

ஆகவே, 1911இன் வெற்றியை இரு பக்கமும் நிறுத்துப் பார்த்தல் தகும். ஆளப்படுவோர் இயல்பாகவே தாழ்ந்தோர் என்ற கருத்தை அது பல்லாயிரவர் கண்முன்னே பொய்யாக்கியது. அதனைப் பின்னர் எவராலும் மெய்யாக்க முடியவில்லை. ஆனால் விதிகளை வகுக்கும் மேசையில் அது இடம் பெற்றுத்தரவில்லை. கேடயத்தை வெல்ல ஒரு யூலை மாதம் போதியதாயிற்று. அம்மேசையிற் சமமாக அமர்வதற்கோ மேலும் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. வெறுங்கால்களின் வெற்றியைக் கொண்டாடும் நாம் இவ்விரண்டாவது போராட்டத்தையும் மறத்தலாகாது.