காடு காத்த மருத்துவர்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்வோர், வாடிப்பட்டி தாண்டியதும் வலப்புறம் எழும் சிறுமலையைக் கண்டிருப்பர். இம்மலைக்காடுகள் சட்டத்தின் காவலுக்குள் வந்த வரலாறு ஒரு மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது.

ஹியூ கிளெக்ஹார்ன் 1820இல் சென்னையில் பிறந்தவர். ஸ்காட்லாந்தில் பாட்டனாரிடம் வளர்ந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1842இல் கம்பெனியாரின் மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கே திரும்பினார். மைசூர்ச் சீமையில் சிமோகாவில் இருந்தபோது தேக்கங்காடுகள் கேட்பாரின்றி அழிவதைக் கண்டார். மூலிகை அறிவு அக்கால மருத்துவக் கல்வியின் ஒரு பகுதியாதலின், மரங்கள்மீது அவர் கண் சென்றதில் வியப்பில்லை. வியப்புக்குரியது அவர் எழுப்பிய வினாவே. காடு அழிந்தால் மழையும் ஊற்றும் உழவும் என்னவாகும்? 1851இல் பிரித்தானிய அறிவியல் கழகத்தின் முன் ஒரு குழுவின் சார்பில் இதைப் பற்றிய அறிக்கையை அவர் அளித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1856இல், சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். 'தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும்' என்ற அவரது நூல் 1861இல் வெளிவந்தது.

ஆனால், அரசு மழையை மட்டும் எண்ணி அவரை அமர்த்தவில்லை. இருப்புப்பாதை ஒரு மைலுக்கு 1,760 முதல் 2,000 வரை சிலிப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. எஞ்சினுக்கு விறகும் வேண்டும். மதுரைக்கு இரயில் வந்தது 1875இல். அதன் மகிழ்ச்சியில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மலைமக்கள் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் விளைவித்து, பின் நிலத்தை ஆறவிட்டு அகல்வர். கன்னட நாட்டில் இதனைக் 'கும்ரி' என்பர். காட்டழிவுக்கு இதனைப் பெரிதும் குறைகூறினார் கிளெக்ஹார்ன். 1860இல் அரசு இதனைக் கட்டுப்படுத்தியது. அவரது அறிவியலை நாம் மதிக்கிறோம். இத்தீர்ப்பை அவ்வாறு மதிக்க இயலவில்லை. இரயிலின் கோடரிக்கு உரிமச் சீட்டு, ஏழையின் கோடரிக்குத் தடை என்றால் அது காட்டின்மேல் கொண்ட அன்பு மட்டும் ஆகாது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்ட ஆகாபு அரசனும் அங்குக் காய்கறி பயிரிடப்போவதாகத்தான் சொன்னான்.

கிளெக்ஹார்னுக்குத் துணைவராயிருந்து, பின்னர் அப்பொறுப்பை ஏற்று 1882 வரை வகித்தவர் பெட்டோம். அவரும் ஓர் ஆய்வாளரே. மண்ணுக்குள் வாழும் சிறுமலைப் பாம்பொன்றை 1877இல் அவர் விவரித்தார். அதன் அறிவியற்பெயரில் திண்டுக்கல் இன்றும் நிலைத்திருக்கிறது. அவர் விலகிய 1882ஆம் ஆண்டிலேயே சென்னை வனச்சட்டம் பிறந்தது. அதன்வழி காப்புக்காடுகள் ஏற்பட்டன. மலைக்குடிகள் தம் முன்னோர் நடந்த பாதைகளில் அயலாராயினர்.

கிளெக்ஹார்ன் 1895இல் ஸ்காட்லாந்தில் காலமானார். காட்டில் வாழ்வோருக்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்று, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் முகவுரையில் இந்திய நாடாளுமன்றம் எழுதியது.