எச்சரிக்கை கேட்காத விமானங்கள்: பந்தர் அப்பாஸ் முதல் தெஹ்ரான் வரை

1988 ஜூலை 3 காலை, ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து டுபாய் நோக்கிப் புறப்பட்ட ஈரான் எயார் 655 விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ் ஏவுகணை வீசி வீழ்த்தியது. 66 சிறுவர்கள் உட்பட 290 பேர் கொல்லப்பட்டனர். பலமுறை எச்சரித்த பின்னரே சுட்டதாக அமெரிக்கா கூறியது. எச்சரித்தது உண்மை. அது யாருக்குக் கேட்டது என்பதே கேள்வி.

1998இல் பலாலியிலிருந்து புறப்பட்டு மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்த லயன் எயார் விமானத்தை மறக்காத எமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. அதனாலேயே இந்தச் சம்பவம் பற்றிய விசாரணை விபரங்களைத் தேடி வாசித்தேன்.

எந்த அலைவரிசை?

பயணிகள் விமானங்களின் அவசர அலைவரிசை 121.5 மெகாஹேர்ட்ஸ். இராணுவத்தின் அவசர அலைவரிசை 243. வின்சென்ஸ் ஏழு தடவை இராணுவ அலைவரிசையிலேயே அழைத்தது. அதைக் கேட்கும் ரேடியோ பயணிகள் விமானத்தில் இல்லை. 121.5இல் மூன்று தடவை அழைத்தபோதும் விமானத்தின் இலக்கத்தைச் சொல்லவில்லை. தம்மைத்தான் அழைக்கிறார்கள் என்று விமானிகள் அறிவது கடினம். விமானமும் கட்டுப்பாட்டு நிலையமும் வழமையாகப் பேசும் அலைவரிசைகளைக் கேட்கும் கருவி கப்பலில் இருக்கவில்லை.

விமானம் மேலேறுவதாகவே கப்பலின் கணினி பதிந்திருந்தது. ஆனால் கீழிறங்கி வருவதாகக் கப்டனுக்குச் சொல்லப்பட்டது. 1996இல், உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு 61.8 மில்லியன் டொலர் வழங்க அமெரிக்கா உடன்பட்டது. சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை.

32 ஆண்டுகளின் பின்

2020 ஜனவரி 8, தெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரைன் விமானம் 752ஐ ஈரானின் சொந்தப் படையே சுட்டு வீழ்த்தியது. பலியானோர் 176 பேர். இடம் மாற்றப்பட்ட ஏவுகணைப் பிரிவின் ராடர் 107 பாகை திசை பிசகியிருந்ததாக ஈரானின் அறிக்கை கூறுகிறது. இலக்கைக் கண்டவர் கட்டளை மையத்துக்கு அனுப்பிய தகவல் போய்ச் சேரவில்லை. பதில் வராவிட்டால் சுடக்கூடாது என்பதே விதி. அவர் சுட்டார். அது எந்த விமானம் என்பது விமான நிலையக் கட்டுப்பாட்டாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாதுகாப்பு எதில் இருக்கிறது?

655இன் பின்னர், போர்க்கப்பல்கள் சிவில் விமான அலைவரிசைகளைக் கேட்கும் வசதியுடன் இருக்கவேண்டுமென சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பரிந்துரைத்தது. இத்தகைய தொடர்பாடல் முறைகளுக்கு மாற்று இணைப்பு, மாற்று மின்சாரம், உரையாடல் பதிவு, சிவில் கட்டுப்பாட்டாளருக்கும் படையினருக்கும் இடையே நேரடி இணைப்பு ஆகியவை அவசியம்.

ஆனால் எந்த இணைப்பும் ஒருநாள் அறுந்துபோகலாம். அவ்வேளை சுடாமல் இருப்பதே இயல்பு நிலையாக இருக்கவேண்டும். எல்லாவற்றிலும் எளிய பாதுகாப்புக்குக் கருவியே தேவையில்லை: சண்டை நடக்கும்போது வான்பரப்பை மூடுவது. அன்று தெஹ்ரான் அதை மூடவில்லை.